பட்டறைக் கேள்வி–பதில்: மோட்டர் ஏன் இரைகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைப் பற்றியவை. வீட்டில் கட்டிய சிறிய சிஎன்சி (கணினி சொல்கிறபடி மரம் செதுக்குகிற) இயந்திரத்தின் ஸ்டெப்பர் மோட்டர், அதாவது படிப்படியாகச் சுற்றுகிற மோட்டர், சத்தம் போடுகிறது, என்ன செய்வது? இருபது வருடத்துக்கு மேலாக மோட்டருக்குக் காயில் கட்டுபவன் நான். மட்டக்களப்பின் படுவான்கரை வயல்களின் தண்ணீர்ப் பம்புகளில் பழகிய காதுதான் என்னிடம் இருக்கிற முதல் கருவி. அதை வைத்துத்தான் இந்தப் பதில்களும்.

கேள்வி: கல்லடியில் இருக்கிறேன். அப்பாவின் தச்சுப் பட்டறையில் வீட்டுப் பெயர்ப்பலகை செதுக்க ஒரு சிஎன்சி நானே கட்டினேன். ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகை, அதன்மேல் டிரைவர்களைச் செருகுகிற சிஎன்சி ஷீல்ட், மோட்டருக்கு மின்னோட்டம் கொடுக்கிற ஏ4988 டிரைவர் மூன்று, நெமா 17 மோட்டர் மூன்று, ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் டி8 திருகுத் தண்டு, 12 வோல்ட் பவர் சப்ளை. இயந்திரத்தை ஓட்டுகிற ஜிஆர்பிஎல் மென்பொருளில், ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை படி என்று சொல்லும் $100, $101, $102 மூன்றுக்கும் 25 கொடுத்திருக்கிறேன், அளவு சரியாக வருகிறது. ஆனால் மெதுவாக வெட்டும்போது கல் அரைக்கிற மாதிரி இரைகிறது. வேகமாக ஓடவிட்டால் கீச்சென்று கத்திவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. சும்மா நிற்கும்போதும் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம். மோட்டர் மலிவானது, இன்னும் பெரிய நெமா 23 வாங்கிப் போடு என்கிறார்கள். வாங்கட்டுமா? இரவில் ஓட்டினால் அம்மம்மா நித்திரை இல்லை என்கிறா.

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. காரணத்தை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த 25தான்.

உங்கள் மோட்டர் ஒரு படிக்கு 1.8 பாகை திரும்பும். ஒரு முழுச் சுற்றுக்கு 200 படி. ஒரு சுற்றுக்குத் தண்டு 8 மில்லிமீட்டர் நகர்த்துகிறது. 200ஐ 8ஆல் வகுத்தால் 25. அந்த எண்ணைப் போட்டு அளவும் சரியாக வருகிறது என்றால், மோட்டர் முழுப் படியில் ஓடிக்கொண்டிருக்கிறது. டிரைவருக்குக் கீழே போட வேண்டிய ஜம்பர்களை (இரண்டு ஊசிகளை இணைக்கிற சின்னத் தொப்பிகளை) நீங்கள் போடவில்லை.

முழுப் படியில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு படிக்கும் மோட்டருக்குள் சுற்றுகிற சுழலி துள்ளிப் போய், போக வேண்டிய இடத்தைத் தாண்டி, திரும்பி வந்து, ஆடி அடங்குகிறது. சித்திரையில் கட்டுகிற ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது திரும்பி வருகிற நேரம் பார்த்து ஒவ்வொரு முறையும் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், சின்னப் பிள்ளை தள்ளினாலும் உயரப் போய்விடும். மோட்டரும் அப்படித்தான். அடுத்த படிக்கான மின்சாரம் அந்த ஆட்டத்தின் தாளத்தோடு ஒத்து வந்தால் ஆட்டம் அடங்காமல் வளர்கிறது. நீங்கள் கேட்கும் கல் அரைக்கிற இரைச்சல் அதுதான்.

இந்த அளவு மோட்டர்களில் அந்தத் தாளம் பெரும்பாலும் செக்கனுக்கு 100 முதல் 200 படிக்குள் வரும். உங்கள் இயந்திரத்தில் அது நிமிடத்துக்கு 240 முதல் 480 மில்லிமீட்டர் வேகம். தேக்கும் முதிரையும் செதுக்க நீங்கள் பெரும்பாலும் வைக்கிற வேகமும் அதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் வேலை நேரம் முழுக்கச் சத்தம்.

செய்ய வேண்டியது இது. பவர் சப்ளையையும் யூஎஸ்பி வயரையும் கழற்றிவிடுங்கள். டிரைவர் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பிச் செருகினால் டிரைவர் கருகிவிடும். மெதுவாகத் தூக்கினால் கீழே எம்0, எம்1, எம்2 என்று மூன்று சோடி ஊசிகள் தெரியும். மூன்றிலும் ஜம்பர் போடுங்கள். இனி ஒரு படி 16 துண்டாகப் பிரியும், சுழலி துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும். 25 இருந்த இடத்தில் மூன்றுக்கும் 400 போட்டு, ஒரு கோடு கீறி, அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். முதல் ஓட்டத்திலேயே வித்தியாசம் காதுக்குத் தெரியும். ஆனால் துல்லியம் 16 மடங்கு கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூடுவது மென்மைதான்.

அடுத்தது மின்னோட்டம். டிரைவரில் உள்ள சின்னத் திருகைக் கடையில் இருந்து வந்தபடியே விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பலர் அப்படித்தான் விடுகிறார்கள். மோட்டர் வயர்களைச் செருகிய பிறகு மின்சாரம் கொடுத்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை டிரைவரின் ஜிஎன்டி (கிரவுண்ட்) ஊசியிலும் சிவப்பு முனையை அந்தத் திருகிலும் வையுங்கள். டிரைவரில் இருக்கிற சின்னக் கறுப்புத் தடையில் ஆர்100 என்று எழுதியிருந்தால் ஒரு அம்பியருக்கு 0.8 வோல்ட் காட்டும். ஆர்050 என்றால் ஒரு அம்பியருக்கு 0.4 வோல்ட். இந்த எழுத்தைப் பார்க்காமல் வேறொருவர் சொன்ன வோல்ட்டை அப்படியே வைத்தால் மின்னோட்டம் இரண்டு மடங்காகிவிடலாம். நீங்கள் 0.8 அம்பியரில் தொடங்குங்கள். படி தவறினால் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். தேவைக்கு மேல் கொடுக்கிற மின்னோட்டம் சூடாகவும் சத்தமாகவும்தான் வெளியே வரும்.

வேகமாக ஓடும்போது கீச்சிட்டு நிற்பது வேறு கதை. காயிலுக்குள் மின்னோட்டம் ஏற நேரம் வேண்டும். வேகம் கூடக்கூட அந்த நேரம் குறைகிறது, மோட்டரின் பிடி தளர்கிறது, ஒரு கட்டத்தில் சுழலி பின்தங்கி நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. $110 முதல் $112 வரை உள்ள உச்ச வேகத்தை 500க்கு இறக்கி, அங்கிருந்து நூறு நூறாக ஏற்றிப் பாருங்கள். $120 முதல் $122 வரை உள்ள முடுக்கத்தையும் இறக்கிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். நிற்கிற இடம் தெரிந்ததும் அதில் கால் பங்கைக் குறைத்து வைத்துவிடுங்கள். இன்னும் வேகம் வேண்டும் என்றால் 24 வோல்ட் பவர் சப்ளைக்கு மாறலாம், ஏ4988 35 வோல்ட் வரை தாங்கும். மாற்றுமுன் ஷீல்டில் உள்ள கொள்ளளவியின் (கப்பாசிட்டரின்) மேல் என்ன வோல்ட் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நிற்கும்போது வரும் 'ஸ்ஸ்' சத்தம் பழுதில்லை. டிரைவர் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி அளவாகக் கொடுக்கிற சத்தம் அது.

அம்மம்மாவின் நித்திரைக்கு இன்னொன்று சொல்கிறேன். உங்கள் இயந்திரம் எதன்மேல் இருக்கிறது? மெல்லிய ஒட்டுப்பலகை மேசை என்றால் அது உடுக்குத் தோல் மாதிரி வேலை செய்யும். மோட்டரின் நடுக்கம் சின்னது, மேசைதான் அதைப் பெரிதாக்கி அறை முழுக்கப் பரப்புகிறது. நடைபாதைக்குப் போடுகிற ஒரு கொங்கிறீட் கல்லை வாங்கி, அதன் கீழே பழைய டியூப் ரப்பரை நான்காக மடித்து வைத்து, மேலே இயந்திரத்தை ஏற்றுங்கள்.

கேள்வி: நான் மருதமுனை. உம்மா நெய்கிற சாறன்களை வைத்து விற்கப் பெயர் செதுக்கிய மரப்பெட்டிகள் செய்கிறேன். மாரியில் இரண்டு மாதம் மெஷினைத் தொடவில்லை. இப்போது ஓட்டினால் எக்ஸ் அச்சு கறகற என்கிறது. வை அச்சு இன்னும் மோசம், போகச் சொன்னால் நின்ற இடத்தில் டகடகவென்று நடுங்குகிறது, சில நேரம் எதிர்ப்பக்கம் போகிறது. இரண்டு மோட்டரும் போய்விட்டதா?

பதில்: இல்லை தங்கச்சி, இரண்டும் இரண்டு வேறு பழுது. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் கடற்காற்றும் மாரி ஈரமும்தான்.

எக்ஸ் அச்சுக்கு முதலில் ஒரு சோதனை. எங்கள் ஊரில் மீன் பாடுவதைக் கேட்கப் போகிறவர்கள் நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். நான் பம்பு பார்க்கிற முறையும் அதுதான். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை மோட்டரின் உடம்பில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், துப்பட்டா தண்டுக்குக் கிட்டவே போகக்கூடாது, வெட்டும் மோட்டர் நிறுத்தியிருக்க வேண்டும். மோட்டரில் கேட்ட பிறகு, நகர்கிற தட்டின் பெயாரிங் வீட்டிலும், திருகுத் தண்டின் மறுமுனையிலும் வைத்துக் கேளுங்கள். கறகற எங்கே உரத்துக் கேட்கிறதோ பழுது அங்கே. உங்களுக்கு அது பெயாரிங்கில்தான் கேட்கும் என்று நினைக்கிறேன்.

தட்டு ஓடுகிற இரும்புக் கம்பிகளைத் துடைத்துப் பாருங்கள். மேலோட்டமாகக் கறள் பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்தாலே போய்விடும். நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் கம்பியை மாற்றத்தான் வேண்டும், குழியில் ஓடும் பெயாரிங் நாள்பட நிற்காது. பெயாரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, நன்றாகக் காயவிட்டு, லிதியம் கிறீஸ் கொஞ்சம் பூசுங்கள். கம்பிக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், மரத்தூளோடு சேர்ந்து பசையாகிவிடும். எத்தனையோ மெஷினில் அந்தப் பசையைச் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

மின்சாரம் இல்லாமல் தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றியும் பாருங்கள். வேகமாகச் சுற்றாதீர்கள், மோட்டர் தானே மின்சாரம் உண்டாக்கி டிரைவருக்குள் அனுப்பும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகினால் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது மோட்டரையும் தண்டையும் இணைக்கிற கப்ளிங் நேராக இல்லை. தட்டை மோட்டருக்குக் கிட்டக் கொண்டுவந்து, பித்தளை நட்டின் ஆணிகளைத் தளர்த்தி, அது தானாக உட்கார்ந்த நிலையிலேயே திரும்ப இறுக்குங்கள். பாதி நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

இனி வை அச்சு. நின்ற இடத்தில் நடுங்குவதும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தடுமாறுவதும் ஒரு காயிலுக்கு மின்சாரம் போகவில்லை என்பதன் அடையாளம். இந்த மோட்டருக்குள் இரண்டு காயில். இரண்டும் மாறி மாறி இழுத்தால்தான் திசை வரும். மின்சாரத்தை முழுக்க நிறுத்திவிட்டு, எக்ஸ், வை பிளக்குகளை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். நடுக்கம் எக்ஸ் அச்சுக்குப் போய்விட்டால் பழுது டிரைவர் பக்கம். வை மோட்டரிலேயே நின்றால் பழுது வயரில், பிளக்கில் அல்லது மோட்டரில். ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் பிளக்கை இழுக்காதீர்கள், நல்ல டிரைவரும் அந்த நொடியிலேயே போய்விடும். அவசரத்தில் நான் அப்படி ஒன்றை இழந்திருக்கிறேன்.

மோட்டர் பக்கம் என்றால் பிளக்கைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் அதுதான். சுத்தம் செய்வதைவிடப் புதுப் பிளக் போடுவது நல்லது. களிம்பு இல்லை என்றால் மல்டிமீட்டரில் இரண்டு காயிலையும் அளந்து பாருங்கள். சில ஓம்தான் காட்டும், ஆனால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு காயிலின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொடவைத்து மோட்டரின் தண்டைக் கையால் சுற்றினால் கை உணரும் அளவுக்கு இறுகும். இறுகாத காயிலில் எங்கோ அறுந்திருக்கிறது. வயர் பெரும்பாலும் அறுவது தட்டோடு சேர்ந்து மடிந்து நிமிரும் இடத்தில், வெளித்தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு முறிந்திருக்கும்.

கேள்வி: செங்கலடியிலிருந்து எழுதுகிறேன். காலையில் மெஷின் அருமையாக ஓடுகிறது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒரு மோட்டர் திடீரென்று தளர்ந்து, 'டொக்' என்று மீண்டும் பிடிக்கிறது. வேலை பாழாகிறது. பட்டறைக்குத் தகரக் கூரை.

பதில்: கச்சான் காற்று அடிக்கிற நாளில் தகரத்தின் கீழ் டிரைவர் படுகிற பாடு அது. சூடு எல்லையைத் தாண்டியதும் டிரைவர் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை நிறுத்துகிறது, ஆறியதும் திரும்பக் கொடுக்கிறது. ஒரு சின்ன விசிறியை டிரைவர்களின் மேல் நேராக ஊதவையுங்கள். வெப்பத் தகடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் பதிலில் சொன்ன முறையில் மின்னோட்டத்தையும் குறையுங்கள். மோட்டரைத் தொட்டால் சுடுகிறதே என்று பயப்பட வேண்டாம். இந்த வகை மோட்டர்களில் பல, மேற்பரப்பு 80 பாகை செல்சியஸ் வரை போகத் தாங்கும்படி செய்தவை.

கேள்வி: சம்மாந்துறை. டிஎம்சி2209 டிரைவர் போட்டால் சத்தமே இருக்காது என்கிறார்களே, உண்மையா? என் ஷீல்டும் ஏ4988 போடுகிற அதே ஷீல்டுதான்.

பதில்: பெருமளவு உண்மை. மெதுவாக ஓடும்போது மோட்டர் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த அமைதியான நிலையில் வேகம் கூடும்போது பிடி குறையும், ஆழமாக வெட்டினால் படி தவறலாம். எழுத்துச் செதுக்கவும் மெல்லிய பலகை வெட்டவும் தாராளமாகப் போடுங்கள். கறள், வளைந்த தண்டு, தளர்ந்த கப்ளிங் ஆகியவற்றின் சத்தத்தை எந்த டிரைவரும் நிறுத்தாது, ஆகவே அவற்றை முதலில் பாருங்கள். பவர் சப்ளை 24 வோல்ட்டோடு நிற்கட்டும், இந்த டிரைவரின் எல்லை 29 வோல்ட். ஷீல்டில் முதல் இரண்டு ஜம்பர் மட்டும் போட்டால் 16 துண்டு, மூன்றாவதை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஓட்டிப் பார்க்கும்போது மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றினால் பதற வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்த மோட்டரின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சரி.