பசிபிக் குளிர்ந்துபோனால் காற்றை மட்டும் பார்க்காதீர்கள்

வணக்கங்க. ஈரோட்டுப் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழையை எல் நினோவோடு பொருத்திப் பார்க்கக் கணினியில் காலநிலை மாதிரி ஓட்டினால், நிலநடுக்கோட்டுப் பசிபிக் நிஜத்தைவிடக் குளிர்ந்து, அந்தக் குளிர்ப்பட்டை மேற்கே வெகுதூரம் நீள்கிறது என்று கேட்டிருந்தீர்கள். காற்றைத் திருத்தியும் சரியாகவில்லை என்றால், அடுத்தது மேல்கடல் கலப்புதான், அதாவது மேல்நீரும் கீழ்நீரும் கலப்பது.

அங்கே மேற்பரப்பு நீர் மேற்கே போகிறது. அதற்கு அடியில் ஓர் ஓட்டம் கிழக்கே பாய்கிறது. இரண்டுக்கும் நடுவே கொந்தளிப்பு எழுந்து, மேலேயுள்ள வெப்பத்தைக் கீழே இறக்குகிறது. பகலில் அது அடங்கும், இரவில் வலுக்கும். உங்கள் மாதிரியில் கடலின் மேலடுக்கு 10 மீட்டர் தடிமன், கடலும் காற்றும் நாளுக்கு ஒருமுறைதான் தகவல் பரிமாறுகின்றன என்கிறீர்கள். அப்படியானால் இந்த இரவுபகல் வேறுபாடு மாதிரிக்குள் சரியாக வராது. மேலடுக்கை 1 மீட்டராக்கி, மணிக்கு ஒருமுறை இணைத்துப் பாருங்கள்.

அப்புறம் பின்னணிக் கலப்பு எண், அதாவது கொந்தளிப்பு இல்லாத இடத்திலும் எப்போதும் நடக்கும் மெல்லிய கலப்புக்கு மாதிரியில் வைக்கும் மதிப்பு. உலகம் முழுக்க நொடிக்கு 0.00001 சதுர மீட்டர் என்று ஒரே மதிப்பு வைத்திருந்தால், நிலநடுக்கோட்டருகே அது அதிகம். நடு அட்சரேகைகளில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அங்கே என்று 2003இல் வந்த அளவீடுகள் காட்டின. கூடுதலாக வைத்தால் வெப்பச்சரிவு அடுக்கு (மேலேயுள்ள சூடான நீருக்கும் கீழேயுள்ள குளிர்நீருக்கும் நடுவே வெப்பம் சட்டென்று குறையும் அடுக்கு) மங்கிவிடும். நானாக இருந்தால் இதைத்தான் முதலில் மாற்றுவேன், செலவில்லாத சோதனை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஈரோட்டு மழை பொருந்தும்வரை எண்ணைத் திருகாதீர்கள். பசிபிக் மிதவைகளின் ஆழவாரி வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள். மாதிரி உலகைப் பிரிக்கும் கட்டம் 100 கிலோமீட்டர் என்றால், அதில் பாலக்காட்டுக் கணவாயே தெரியாது. நம்மூர் மழை தப்பாக வருவதற்குக் கடல் காரணமாக இல்லாமலும் போகலாம்.