ரோண்டா பைர்ன் எழுதிய ‘இரகசியம்’ (The Secret) புத்தகத்தைச் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் தூக்கி எறிகிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?

அந்தப் புத்தகத்துக்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ‘உன் நிலைமையை நீ மாற்றலாம்’ என்பது ஒன்று. ‘உன் நிலைமையை நீயேதான் இழுத்து வந்தாய்’ என்பது மற்றது. எழுதியவர் இரண்டையும் ஒரே விதியாகச் சொல்லிவிடுகிறார். எது நெஞ்சில் தைக்கும் என்பதை, வாசிப்பவர் அந்த நேரத்தில் என்ன பாடுபட்டுக்கொண்டிருக்கிறார் என்பதுதான் தீர்மானிக்கிறது. நான் இலங்கை மலையகத்தில், பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் புத்தகம் இரவல் கொடுப்பேன். இவ்வளவு எதிரும் புதிருமான பேச்சோடு திரும்பி வந்த புத்தகம் வேறு இல்லை.

வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ரோண்டா பைர்ன் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர். தகப்பனை இழந்து, தொழிலும் நொடித்திருந்த காலத்தில் மகள் கொடுத்த ஒரு பழைய புத்தகம்தான் தொடக்கம். வாலஸ் வாட்டில்ஸ் என்ற அமெரிக்கர் செல்வம் சேர்ப்பது பற்றி 1910இல் எழுதியது அது. அதிலிருந்து 2006இல் முதலில் படமும், அதே ஆண்டில் புத்தகமும் வந்தன. நம் எண்ணம் எதுவோ அதையே பிரபஞ்சம் நமக்கு அனுப்பும், ஆகவே கேள், நம்பு, பெற்றுக்கொள். சாரம் இவ்வளவுதான்.

கொண்டாடுகிறவர்களை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகம் போவதற்கான வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோன ஒரு பிள்ளை இரண்டாம் தடவை எழுதத் தயங்கிக்கொண்டிருந்தாள். அம்மா கொழுந்து எடுக்கிறவர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எல்லாரும் சொன்னது ஒன்றே: “நம்ம தலையெழுத்து அவ்வளவுதான், கொழும்புல கடைக்கு அனுப்பிடு.” பிறந்ததிலிருந்து இதையே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ‘உன்னால் முடியும், நீ ஆசைப்படலாம்’ என்று அச்சில் பார்ப்பது சாதாரணமா? “சேர், இப்படி யாருமே எனக்குச் சொன்னதில்ல” என்றாள். ஆசைப்படுவதே அதிகப்பிரசங்கித்தனம் என்று பழக்கப்பட்ட இடத்தில் அந்த அனுமதி பெரிய விஷயம். தினமும் நன்றி சொல்லத்தக்க விஷயங்களை எழுதிவைக்கும் பழக்கமும் அவளுக்கு நல்லதே செய்தது. முகத்தில் தெளிவு வந்தது.

ஆனால் அவளிடம் நான் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஃபாம், டெய்லர் என்ற இருவர் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. நல்ல புள்ளி கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்தவர்கள் ஒரு பக்கம், உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் மறுபக்கம். இரண்டாவது கூட்டம்தான் அதிகம் படித்தது, அதிகப் புள்ளியும் எடுத்தது. ஆகவே பல்கலைக்கழக வாசலைக் கற்பனை செய்வதைவிட, இரவு எட்டு மணிக்குக் கொப்பியைத் திறப்பதைக் கற்பனை செய் என்றேன். அப்படியே நேரசூசி போட்டு எழுதினாள்.

சமயப்பற்று உள்ளவர்கள் பிரிவது வேறு மாதிரி. சபைக்குப் போகிற ஒருவர், புத்தகமே மத்தேயுவின் வசனத்தை எடுத்துக்காட்டுகிறது என்று மகிழ்ந்தார். அவருடைய தம்பி, கேட்பது கடவுளிடமா பிரபஞ்சத்திடமா என்று கோபப்பட்டார். அந்த வாதத்தில் நான் நுழையவில்லை.

எனக்கு நெஞ்சு பதறியது வேறிடத்தில். மார்பில் கட்டி கண்டு மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்த ஓர் அக்கா இந்தப் புத்தகத்தை வேறு யாரிடமோ வாங்கிப் படித்திருக்கிறார். “தம்பி, நான் கெட்டதையே நெனச்சுக்கிட்டு இருந்ததாலதான் இது வந்துச்சா?” என்று கேட்டார். மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்து, நிறுவையில் கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், விழுந்த நாளிலும் வீட்டுக்கு வந்து சமைத்துப்போட்ட மனுசி. அவர் உடம்பில் வந்த நோய்க்கும் அவரையே குற்றவாளியாக நிறுத்துகிற எந்தத் தத்துவத்தையும் என்னால் ஏற்க முடியாது. 2007இல் அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே, இந்தப் போதனையால் உந்தப்பட்டு மார்புப் புற்றுநோய்க்கு வைத்தியர்கள் சொன்ன சிகிச்சையை விட்டுவிட நினைத்த ஒரு பெண் தோன்றினார். புத்தகத்தைப் பெரிதாக அறிமுகப்படுத்திய ஓப்ராவே, எல்லாவற்றுக்கும் இது விடை அல்ல என்று அவரிடம் சொல்லவேண்டி வந்தது. அந்தப் பெண் 2010இல் இறந்துபோனார்.

இன்னொரு பகுதியும் இருக்கிறது. பேரழிவுகளில் கூட்டமாக மாண்டவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்களுடைய எண்ணங்களின் அதிர்வெண் அந்த நிகழ்வின் அதிர்வெண்ணோடு பொருந்தியிருந்தது என்கிறார் ஆசிரியர். இதைக் கொஸ்லாந்தைப் பக்கத்து ஆளிடம் சொல்லிப்பாருங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்குள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அது ஆபத்தான இடம், மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. காரணம் மழையில் இருக்கிறது, மண்ணில் இருக்கிறது, மாற்று வீடு கட்டிக் கொடுக்காததில் இருக்கிறது. செத்தவர்களின் எண்ணத்தில் அல்ல. உறவைப் பறிகொடுத்த ஒருவர் இந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு என்னிடம் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வெறுப்பில் முழு நியாயமும் இருக்கிறது.

‘கேள், நம்பு, பெற்றுக்கொள்’ என்பதைத் தோட்டத்து ஆட்களிடம் சொன்னால் அவர்களுக்கு முதலில் நினைவு வருவது சம்பளம். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை எத்தனை வருடம் கேட்டோம்! 2018 ஒக்டோபரில் நம் இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்கள். 2021 மார்ச்சில்தான், அதுவும் சம்பளச் சபை வழியாக, அது வர்த்தமானியில் வந்தது. கேட்டது உண்மை, நம்பியதும் உண்மை. ஆனால் கூடிக் கேட்டார்கள், வேலையை நிறுத்திக் கேட்டார்கள், இன்னாரிடம் என்று தெரிந்து கேட்டார்கள். புத்தகத்தில் இந்தக் கூட்டம் இல்லை. அங்கே எப்போதும் ஓர் ஆளும் பிரபஞ்சமும் மட்டுமே. தொழிற்சங்கத்தில் ஊறிய பெரியவர்களுக்கு அது ஒட்டாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சிலர் ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்று கணியன் பூங்குன்றனாரைத் துணைக்கு அழைக்கிறார்கள். நம் பாட்டனும் இதைத்தானே சொன்னான் என்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பாட்டை முழுதும் படியுங்கள். மழை பெய்து, கல்லில் மோதி இரைந்து ஓடும் பேராற்றின் போக்கில் போகிற தெப்பம் போன்றது உயிர் என்று அடுத்து வருகிறது. மலையில் இருப்பவர்களுக்கு அந்த ஆற்றை விளக்க வேண்டியதில்லை. அதனால் பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று பாட்டு முடிகிறது. ஏழையாக இருப்பவன் ஏழ்மையை நினைத்தவன் என்று சொல்கிற புத்தகத்துக்கு இந்தப் பாட்டு சாட்சி சொல்லாது.

இன்னும் அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, இன்னும் இரவல் கொடுக்கிறேன். சோர்ந்துபோன மாணவருக்கு நன்றியுணர்வு பற்றிய பகுதியைக் காட்டிக் கொடுப்பேன். சாவு விழுந்த வீட்டுக்குக் கொடுப்பதில்லை. நீங்களும் யாருக்காவது பரிசாக வாங்க நினைத்தால், அந்த வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். உடல்நலம் பற்றிய அத்தியாயத்தை நம்பி மருந்தையோ கிளினிக்கையோ விடக்கூடாது என்பதை மட்டும் ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லித்தான் கொடுக்கிறேன்.