பெரிய நாயெல்லாம் சாதுவா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. வீட்டாரைத் தவிர வேறு யாருடனும் வாய் திறப்பதில்லை. கண்டியில் இருக்கும் என் தம்பி, கிரேட் டேன் குட்டி ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். பெரிய நாய்கள் பிறவியிலேயே சாதுவானவை, பிள்ளைகளின் சிகிச்சைக்கே அவற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்கிறார். நம்பி வாங்கலாமா?
– வாசகி, கல்லடி

பதில்: தம்பி சொல்வதில் பாதி உண்மை. நியூயோர்க் சிறுவர் உளவியலாளர் போரிஸ் லெவின்சன், ஒதுங்கியே இருந்த ஒரு சிறுவன் தமது நாய் ஜிங்கிள்ஸுடன் ஒட்டிக்கொண்டதைக் கண்டு, சிகிச்சையில் நாயைத் துணையாகக் கொள்வது பற்றி 1962இல் கட்டுரை எழுதினார். பெரிய நாயாக இருப்பதிலும் ஒரு வசதி உண்டு: கட்டிலில் கிடக்கும் நோயாளி கையை நீட்டினாலே அதன் தலை எட்டும்.

ஆனால் கிரேட் டேனின் முன்னோர் ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. இன்று நாம் மெச்சும் அமைதி, தலைமுறை தலைமுறையாகச் சாதுவானவற்றையே தெரிந்தெடுத்து இனம்பெருக்கியதாலும், குட்டியின் 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆம் வாரம் வரை அதனை அந்நியருக்கும் சத்தத்துக்கும் பழக்கியதாலும் வந்தது. அந்த வாரங்களைக் கூட்டுக்குள்ளேயே கழித்த நாய், எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும், கோயில் திருவிழா வெடிச் சத்தத்துக்கு மேசையின் கீழ் ஒளியும்.

அசையாமல் நிற்கும் நாயெல்லாம் நிதானமான நாய் என்று எண்ணிவிடாதீர்கள். காதுகளைப் பின்னுக்கு மடித்து, உதட்டை நக்கி, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் அது அஞ்சி நிற்கிறது. அந்நேரத்தில் பிள்ளை அதைக் கட்டிப்பிடிப்பதுதான் கடியில் முடிகிறது.

இந்த இனக் குட்டி எட்டு மாதத்திலேயே 40 கிலோவைத் தாண்டிவிடும், ஆனால் புத்தி முதிர இரண்டு வயதாவது ஆகும். ஆகவே முதல் நாளிலிருந்தே நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் தடவிக்கொடுங்கள்; குட்டியாக இருக்கும்போது ரசித்த பாய்ச்சல், பிறகு உங்கள் மகனை விழுத்திவிடும். நம் மட்டக்களப்பு வெயிலில் நடத்திச் செல்வதை விடியலுக்கும் மாலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வினத்துக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடவேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சொல்ல மனம் வராத ஒன்றும் உண்டு. இவற்றின் ஆயுள் பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகள்தான். மகனின் பதின்ம வயதிலேயே பிரிவு வரும்.

இவ்வளவுக்கும் ஆயத்தம் என்றால், மகனையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய், குட்டியைப் பார்க்குமுன் தாய் நாயைப் பாருங்கள். அந்நியரான உங்களிடம் அது தானாக வந்து மோந்து, பின் அருகிலேயே படுத்துக்கொண்டால் குட்டியை வாங்கலாம். உறுமினாலோ ஒதுங்கினாலோ, தம்பியிடம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.