ஆஸ்கரோடு எந்தக் கெளுத்தி?

கேள்வி: நான்கடித் தொட்டியில் இரண்டு ஆஸ்கர் மீன் வளர்க்கிறேன். கண்ணாடியெல்லாம் பாசி. எந்தப் பாசி தின்னும் கெளுத்தியை விடலாம்?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: ஓட்டோசிங்க்ளஸ் என்ற குட்டிக் கெளுத்தி வேண்டவே வேண்டாம். இரண்டு அங்குலம்கூட இல்லாத அதை ஆஸ்கர் விழுங்கப் பார்க்கும். அது துடுப்பு முள்ளை விறைத்துக்கொண்டால் தொண்டையில் சிக்கி இரண்டுமே போகும். சக்கர் மீன் என்ற கெளுத்தியை வாங்குங்கள், அதுவும் ஐந்தாறு அங்குலம் வளர்ந்ததாக. உடம்பில் எலும்புத் தகடு இருப்பதால் கடி தாங்கும். ஒளிந்துகொள்ள ஒரு மரக்கட்டை போட்டு, விளக்கை அணைத்த பிறகு விடுங்கள். ராத்திரியில் வெள்ளரித் துண்டும் கொடுங்கள். பசித்தால் சக்கர், ஆஸ்கர் மேலேயே ஒட்டி உறிஞ்சும். பாசி குறையும், ஆனால் கழிவு கூடும். வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுங்கள். அப்புறம், சக்கர் ஓரடிக்கு மேல் வளரும். பெரிதானதும் ஏரியில் விட்டுவிடாதீர்கள், கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.