ஒரே பனியாற்றின் (மலைச்சரிவில் மெல்ல நகரும் பனித்திரளின்) இரண்டு செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுவிட்டு நீங்கள் கேட்டது: பனியாறு பின்வாங்கினால் பனி மேலே ஏறுகிறதா?

இல்லை, மேலே ஏறுவதில்லை. பனியாற்றின் கீழ் முனை பின்வாங்கும் ஆண்டிலும் பனி கீழ்நோக்கித்தான் நகர்கிறது. மேலிருந்து வந்து சேரும் பனியைவிட முனையில் உருகுவது அதிகம் என்பதால் விளிம்பு மட்டும் மேலே போகிறது.

நீங்கள் ஒப்பிட்ட இரண்டு செயற்கைக்கோள் படங்களிலும் முனையை மட்டும் பார்த்திருப்பீர்கள். குழப்பம் அங்கேதான் வந்திருக்க வேண்டும். "பின்வாங்குதல்" என்ற சொல்லும் சேர்ந்து ஏமாற்றுகிறது.

சரி, இப்படிச் செய்து பாருங்கள். பனியின் மேல் கிடக்கும் ஒரு பெரிய பாறையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு படத்திலும் அதன் இடத்தைக் குறியுங்கள். பக்கத்துச் சரிவில் அசையாத ஒரு புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். முனை மேலே போயிருந்தாலும் பாறை கீழே வந்திருக்கும். சுவிட்சர்லாந்தின் ரோன் பனியாற்றில் 1874-இல் குறுக்கே வரிசையாக வண்ணக் கற்களை வைத்துப் பார்த்தார்கள். முனை சுருங்கிக்கொண்டே போக, கற்கள் கீழே இறங்கின; அதிலும் நடுவில் இருந்தவை ஓரத்தில் இருந்தவற்றை முந்தின, வரிசையே வில்லாக வளைந்துவிட்டது. எவ்வளவு அழகான சோதனை!

ஆனால் இரண்டு படமும் கோடை முடிவில் எடுத்தவையாக இருக்கட்டும். புதுப்பனி விளிம்பை மறைத்துவிடும். அப்புறம், முனையருகே மண்ணும் கல்லும் மூடிய பனி சில இடங்களில் நகராமலே கிடக்கும். அங்கே உள்ள பாறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.