பிரசவ வலியைக் குறைக்க இசை உண்மையிலேயே உதவுமா?

முதல் பிரசவம், வலியை நினைத்தாலே பயமாக இருக்கிறது, மியூசிக் தெரபி பேக்கேஜுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டு உதவும், பேக்கேஜ் தேவையில்லை.

பாட்டு வலியைப் போக்காது, பயத்தைத்தான் தணிக்கும். பயந்தால் தாடை, தோள் எல்லாம் இறுகி, மூச்சு மேலேயே நின்று, இருக்கிற வலி இரண்டு மடங்காகத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில் மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு இவற்றோடு இசையும் இருக்கிறது. எபிடியூரலும் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி) அதே பட்டியலில்தான் இருக்கிறது, அதனால் "இதைக் கேட்டால் ஊசியே வேண்டாம்" என்று யாராவது விற்க வந்தால் கிளம்பச் சொல்லுங்கள்.

என்ன பாட்டு? நீலாம்பரி கேள், வலி தெரியாது என்று எங்கள் பெரியம்மா சொன்னார். தாலாட்டு ராகம்தான், ஆனால் எனக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமான பழைய சினிமாப் பாட்டுகள், அதிலும் மெதுவானவை, அவைதான் எனக்குக் கைகொடுத்தன. வலி ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஏறக்குறைய ஒரு நிமிடம் இருக்கும், ஒரு சரணம் ஓடும் நேரம். தாளத்தோடு மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக விட்டுக்கொண்டே போனால், சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது வலி இறங்க ஆரம்பித்திருக்கும். இதை ஏழாம் மாதத்திலிருந்தே வீட்டில் பழகுங்கள், வலி வந்தபிறகு புதிதாக எதுவும் மண்டையில் ஏறாது.

இதெல்லாம் ஆரம்ப கட்டத்துக்குத்தான். கர்ப்பப்பை வாய் ஏழெட்டு சென்டிமீட்டர் திறந்தபிறகு எனக்கு எந்தப் பாட்டுமே பிடிக்கவில்லை, "அதை நிறுத்தித் தொலையேன்" என்று அக்காவிடம் கத்தினேன். முக்கச் சொல்லும் நேரத்தில் நர்ஸ் குரல்தான் காதில் விழ வேண்டும், பாட்டு இல்லாமல் இருப்பதே நல்லது.

அப்புறம், எழும்பூர் மாதிரி பெரிய அரசு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், பக்கத்துப் படுக்கையிலும் ஒருவர் வலியில் இருப்பார், ஸ்பீக்கரெல்லாம் சரிப்படாது. அரசு மருத்துவமனைகளில் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே அனுமதிப்பார்கள், போன் கொண்டுபோகலாமா என்று செக்கப்புக்குப் போகும்போதே கேட்டுவையுங்கள். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். பாட்டுகளை முன்னாடியே டவுன்லோட் செய்து, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் சரியாக வலி உச்சத்தில் இருக்கும்போது "குழந்தை பொறந்துடுச்சா?" என்று ஏதாவது ஒரு சித்தப்பா போன் செய்வார்.