பழைய வீடு, புதிய தெர்மோஸ்டாட்: ஐந்தாவது வயருக்கு எங்கே போவது?

கேள்வி: டொரோண்டோவின் ஸ்காபுறோவில் இருக்கிறோம். எழுபதுகளில் கட்டிய வீடு. வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸும் ஏசியும் பிறகு மாற்றியவை. பேஸ்மென்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அவற்றைச் சுவரிலிருந்து கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்றை மலிவு விற்பனையில் வாங்கி, நானே பூட்டலாம் என்று பழையதின் மூடியைக் கழற்றினேன். சுவரில் இருப்பது நாலு வயர், புதியதின் கையேடு கேட்பது ஐந்து. "நாலு காணும், கொழுவுங்கோ" என்கிறார் மச்சான். கொழுவலாமா?

பதில்: நீங்களே பூட்டலாம். ஆனால் மச்சான் சொல்வதுபோல நாலோடு வேண்டாம்.

உங்கள் ஃபர்னஸுக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபோமர் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாக இறக்கித் தெர்மோஸ்டாட்டுக்கு அனுப்புவது அதுதான். ஒவ்வொரு வயருக்கும் ஓர் ஆங்கில எழுத்துதான் பெயர். ஆர் (R) என்ற வயரில் மின் வருகிறது. அதை டபிள்யூவோடு (W) இணைத்தால் சூடு, வையோடு (Y) இணைத்தால் குளிர், ஜியோடு (G) இணைத்தால் காற்றாடி. பழைய தெர்மோஸ்டாட் இந்த இணைப்பைச் செய்யும் வெறும் சுவிட்ச்தான். புதியதற்குத் திரையும் வைஃபையும் இருப்பதால் இரவு பகலாக மின் வேண்டும். ஆரில் வந்த மின் திரும்பிப் போகும் வழிதான் ஐந்தாவது வயர், சி (C).

சி இல்லாமலே ஓடும் என்று விற்கும் தெர்மோஸ்டாட்டுகளும் உண்டு. மச்சான் அதைத்தான் கேள்விப்பட்டிருப்பார். அவை டபிள்யூ அல்லது வை வழியாக, ஃபர்னஸோ ஏசியோ கிளம்பாத அளவுக்குக் கொஞ்சம் மின்னை இழுத்துத் தங்கள் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். சில வீடுகளில் வருடக்கணக்கில் பிழையில்லாமல் ஓடுகிறது. வேறு சில வீடுகளில் பேட்டரி இறங்கி, வைஃபை அறுந்து, கடைசியில் திரையே இருண்டுவிடுகிறது. திரை இருண்டால் ஃபர்னஸை எழுப்ப ஆளில்லை. கீழே இன்னொரு குடும்பம் இருக்கும் வீட்டில் ஜனவரி மாதத்தில் அந்தச் சூதாட்டம் தேவையில்லை.

ஐந்தாவது வயர் பல வீடுகளில் சுவருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். முதலில் ஃபர்னஸின் சுவிட்ச்சையும் பிரேக்கரையும் அணையுங்கள். அந்தச் சுவிட்ச் ஃபர்னஸின் பக்கத்திலோ பேஸ்மென்ட் படியின் மேலேயோ இருக்கும். பிறகு பழைய வயர்களை எழுத்துத் தெரியப் படம் எடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், முன்பு பூட்டியவர் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார். எந்த எழுத்தில் எந்த வயர் என்பதுதான் கணக்கு. இனிக் கேபிளை மெதுவாக வெளியே இழுத்துப் பாருங்கள். பாவிக்காத ஒரு வயர், பெரும்பாலும் நீலம், பின்னால் சுற்றிக் கிடக்கலாம்.

கிடைத்தால் பாதி வேலை முடிந்தது, மீதி ஃபர்னஸில். ஃபர்னஸின் கதவைத் திறந்தால் கட்டுப்பாட்டு போர்டில் அதே எழுத்துகள் வரிசையாக இருக்கும். சியில் ஏற்கெனவே ஒரு வயர் இருக்கும். அது வெளியே நிற்கும் ஏசிக்குப் போவது, அதைக் கழற்ற வேண்டாம். உங்கள் நீல வயரின் மறுமுனையை அதோடு சேர்த்து அதே திருகில் இறுக்குங்கள். பலர் சுவரில் மட்டும் நீலத்தைச் சியில் செருகிவிட்டு, "வேலை செய்யவில்லை" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள்.

உதிரி வயர் இல்லையென்றால், டொரோண்டோ நிறுவனமான இக்கோபீயின் பல மாடல்களோடு பெட்டியிலேயே ஓர் அடாப்டர் வரும். அதை ஃபர்னஸில் பூட்டினால் நாலு வயரே ஐந்தின் வேலையைச் செய்யும். உங்களுடையது வேறு நிறுவனத்தினது என்றால், அவர்களுடைய அடாப்டரையே தேடி வாங்குங்கள். புதுக் கேபிள் இழுப்பது நல்ல வழிதான். ஆனால் பழைய கேபிளில் புதியதைக் கட்டி இழுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அநேகமாக அது சுவருக்குள் மரத்தோடு ஆணி அடித்து நிறுத்தப்பட்டிருக்கும். வாடகைக்கு விட்ட பேஸ்மென்டின் கூரையை வெட்டவும் உங்களுக்கு மனம் வராது.

பூட்டும்போது வயர்கள் சுவருக்குள் விழாமல் ஒரு பென்சிலில் சுற்றி வையுங்கள். அவை வெளியே வரும் ஓட்டையைப் புட்டி (putty) என்ற அடைப்புப் பசையால் அடையுங்கள். சுவருக்குள்ளிருந்து குளிர்காற்று பட்டால் தெர்மோஸ்டாட் வீட்டையே குளிர் என்று நினைத்து ஃபர்னஸை ஓட்டிக்கொண்டிருக்கும். மின் இருக்கும்போது ஆர் தவறிச் சியில் பட்டால் போர்டில் உள்ள ஃபியூஸ் போய்விடும். பல ஃபர்னஸ்களில் அது கார்களில் போடும் வகை, 3 அல்லது 5 ஆம்பியர். புதுத் திரை வெளிச்சம் காட்டவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். ஃபர்னஸின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். கதவு திறந்திருந்தால் போர்டுக்கு மின் போகாது.

மூடியைத் திறந்ததும் மெல்லிய வயர்களுக்குப் பதிலாகத் தடித்த இரண்டோ நாலோ வயர் தெரியும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே சுவரோரத்து மின்ஹீட்டர்கள் 240 வோல்ட்டில் ஓடுகின்றன. அதில் இந்த 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டைக் கொழுவினால் கருவி எரியும், வீட்டுக்கும் ஆபத்து. அதற்கென்று மைசா போன்ற தனி வகை இருக்கிறது. உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்தே பூட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: வீட்டில் ஆளில்லை என்று தானாகக் கண்டுபிடித்துச் சூட்டைக் குறைக்கும் வசதியை நிறுத்திவையுங்கள். அந்தக் கருவிக்குத் தெரிவது மேல்மாடி மட்டும். நீங்கள் வேலைக்குப் போனதும் கீழே இருப்பவர்கள் குளிரில் விறைப்பார்கள். டொரோண்டோவில் குளிர்மாதங்களில் வாடகை வீட்டை 21 பாகையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. உங்கள் மாடல் தனி சென்ஸரை ஏற்றால் ஒன்றை அவர்களைக் கேட்டுக் கீழே வையுங்கள். கீழே 21 இருக்க வேண்டியதால், இரவில் சூட்டைக் குறைத்து மிச்சம் பிடிக்க உங்களுக்குப் பெரிதாக இடமில்லை.

இந்த வேலையை அக்டோபரில், வார நாளில், காலையில் தொடங்குங்கள். பிழைத்தால் ஆள் பிடிக்க நேரம் இருக்கும். பழைய தெர்மோஸ்டாட்டையும் எடுத்த படத்தையும் பத்திரமாக வைத்திருந்தால், ஆள் வரும்வரை அதையே திரும்பக் கொழுவலாம். முடிந்ததும் அறைச்சூட்டைவிட இரண்டு பாகை கூட்டிப் பாருங்கள். முதலில் ஃபர்னஸில் சின்ன விசிறி இரையும், பிறகு நெருப்புப் பற்றும், கொஞ்சம் கழித்துத்தான் பெரிய காற்றாடி சுற்றும். ஏசியை இப்போது சோதிக்க வேண்டாம். வெளியே குளிராக இருக்கும்போது ஓட்டினால் கம்ப்ரெஸர் கெடலாம், அதைக் கோடையில் பாருங்கள். பெரிய காற்றாடி சுற்றியும் சூடு வரவில்லை அல்லது காஸ் மணக்கிறது என்றால் அது தெர்மோஸ்டாட்டின் விஷயம் இல்லை. மணம் வந்தால் எந்தச் சுவிட்ச்சையும் தொடாமல், கீழே இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போய் 911 அல்லது காஸ் நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள்.

பழைய தெர்மோஸ்டாட்டுக்குள் கண்ணாடிக் குமிழில் வெள்ளிபோல ஒரு திரவம் உருண்டால் அது பாதரசம். அதைக் குப்பையில் போடாமல், மாநகரின் அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.